லாக்கில் இல்லாத 147 வரிகள்

சில வருடங்களுக்கு முன் சி மொழியில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். ராத்திரி ஆரம்பித்தால் விடிவதற்குள் லட்சக்கணக்கான பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்து, சரிபார்த்து, இன்னொரு வடிவத்தில் எழுதிவைக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. ஒவ்வொரு பதிவைத் தொடுவதற்கு முன்பும் அதன் எண்ணை லாக்கில், அதாவது நடந்ததைக் குறித்துவைக்கும் ஃபைலில், ஒரு வரியாகப் போட்டுவிட்டுத்தான் மேலே போகும். ஒரு நாள் காலையில் பார்த்தால், தொடக்கூடாத மெமரியைத் தொட்டதற்கான செக்மென்டேஷன் ஃபால்ட் வாங்கிக்கொண்டு செத்துக் கிடந்தது. லாக்கைத் திறந்தேன். கடைசி முழு வரி "பதிவு 41464". அதற்கடுத்த வரி "பதிவு 41" என்று வந்து அப்படியே அறுந்து நின்றது.

சரி, 41465-தான் ஆள் என்று முடிவுகட்டினேன். அந்த ஒரு பதிவை மட்டும் தனியாகக் கொடுத்து ஓட்டினால் ஒரு முனகலும் இல்லாமல் ஓடி முடிந்தது. முன்னால் பத்து, பின்னால் பத்து சேர்த்து ஓட்டினேன், அதுவும் ஓடியது. ஒருவேளை மெமரி முன்பே எங்கோ கெட்டுப்போய் இங்கே வந்து வெடிக்கிறதோ என்று தோன்றி, முதல் பதிவிலிருந்து 41465 வரைக்கும் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. பேசாமல் டிபக்கரில், அதாவது பிழை தேடும் கருவியில் போட்டு முழுசாக விட்டிருந்தால் அன்றைக்கே மாட்டியிருக்கும், ஆனால் விழுந்த இடம்தான் தெரியுமே என்ற மிதப்பு. இரண்டு நாள் இப்படியே போனது. மூன்றாம் நாள், கூட வேலை பார்த்த ஒருவர் என் புலம்பலைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "லாக் ஃபைல் என்ன சைஸ்?" 9,01,120 பைட். கால்குலேட்டரில் 4096-ஆல் வகுத்துக் காட்டினார். மீதி இல்லாமல் 220. "திடீர்னு செத்த புரோகிராம் இவ்வளவு கணக்கா எழுதிட்டா சாகும்?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. வரியை எழுதுவதற்காக நான் பிரிண்ட்எஃப் கூப்பிட்டதும் அது உடனே ஃபைலுக்குப் போய்விடுவதில்லை. சி லைப்ரரி தன்னிடம் 4096 பைட் இடத்தை ஒதுக்கி வைத்துக்கொண்டு, வருகிற வரிகளை எல்லாம் அதிலே அடுக்கிக்கொண்டே இருந்து, நிரம்பியதும் மொத்தமாகத் தள்ளுகிறது. எழுத்துகளை பைட்டாக்கும் முறையான யுடிஎஃப்-8-இல் 'பதிவு' என்ற சொல்லுக்கு 15 பைட், இடைவெளிக்கு ஒன்று, எண்ணுக்கு ஐந்து, வரி முடிவுக்கு ஒன்று, ஆக ஒரு வரி 22 பைட். 4096-இல் 186 வரி அடங்கும், 4 பைட் மிஞ்சும், அந்த மிச்சம்தான் வரி நடுவில் அறுவதற்குக் காரணம். அப்படியென்றால் லாக்கில் கடைசியாகத் தெரிகிற வரிக்கும் நிஜமாகவே விழுந்த இடத்துக்கும் நடுவில் 186 வரி வரை காணாமல் போயிருக்கலாம். 41465-இலிருந்து 200 பதிவுகளை எடுத்து ஓட்டினேன். 41611-இல் விழுந்தது.

நடுவில் இருந்த 147 வரிகளையும் புரோகிராம் எழுதத்தான் செய்தது. எழுதிய இடம் அதன் சொந்த மெமரி. அது செத்தபோது கூடவே அவையும் போய்விட்டன.

இப்படிச் சேர்த்து வைக்கும் இடத்துக்குத்தான் பஃபர் என்று பெயர். அதற்கு 'இடையகம்' என்று ஒரு கலைச்சொல் இருக்கிறது, நல்ல சொல்தான், ஆனால் வேலை பார்க்கும் இடத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நானும் பஃபர் என்றே எழுதுகிறேன். கற்றுக்கொடுக்கிறவர்கள் இதை வாளியோடு ஒப்பிடுவார்கள், டம்ளர் டம்ளராகத் தூக்காமல் வாளி நிறைய தூக்குவது மாதிரி என்று. எனக்கு அந்த உவமையில் ஒரு குறை உண்டு. வாளி தூக்குகிற ஆளுக்குத் தண்ணீர் வாளியில் இருக்கிறதா, தொட்டியில் ஊற்றியாகிவிட்டதா என்று எப்போதும் தெரியும். நமக்கு அதுதான் தெரிவதில்லை. 'ரைட்' என்ற பெயரில் ஒன்றைக் கூப்பிட்டோம், பிழை எதுவும் திரும்பி வரவில்லை, எழுதியாகிவிட்டது என்று நம்பிவிடுகிறோம்.

ஏன்தான் இந்த ஏற்பாடு? ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் அப்புறம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. 100 மெகாபைட் ஃபைல் ஒன்றை நகல் எடுக்கிற ஒரு குட்டிப் புரோகிராம் எழுதுங்கள், ஆப்பரேட்டிங் சிஸ்டத்திடம் வேலை கேட்கும் 'சிஸ்டம் கால்'-ஐ நேரடியாகக் கூப்பிடுவதாக இருக்கட்டும். ஒரு பைட் படி, ஒரு பைட் எழுது, திரும்பப் போ. 10,48,57,600 முறை படிக்க வேண்டும், அதே அளவுக்கு எழுத வேண்டும், மொத்தம் கிட்டத்தட்ட 21 கோடி சிஸ்டம் கால். ஒவ்வொரு முறையும் புரோகிராம் தன் இடத்தை விட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குள் போய், அங்கே சரிபார்ப்புகள் முடிந்து, ஒரே ஒரு பைட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வரும். ஒரு பயணத்துக்கு 300 நானோ செகண்ட் என்று வைத்தாலும் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிடும், அதில் பைட்டை நகர்த்தியதற்கு ஆன நேரம் ஒன்றுமே இல்லை, எல்லாம் போக்குவரத்துதான். அதே புரோகிராமில் அந்த ஒன்றை 65,536 ஆக்குங்கள். 1,600 முறை படிப்பு, 1,600 முறை எழுத்து. என்டர் தட்டிவிட்டுக் கையை எடுப்பதற்குள் முடிந்திருக்கும்.

அதற்காக 100 மெகாபைட்டுக்கும் ஒரே பஃபர் போட்டால் இன்னும் வேகமா என்றால், இல்லை. 4096-இலேயே பெரும்பகுதி லாபம் வந்துவிடுகிறது, 64 கிலோபைட்டில் மிச்சமும் வந்துவிடுகிறது, அதற்கு மேலே போகப் போக பிராசஸரின் கேஷில் அடங்காமல் சில சமயம் கொஞ்சம் மெதுவாகக்கூட ஆகும். இந்த இடத்தில் மணிக்கணக்கில் சண்டை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், 32-ஆ 128-ஆ என்று. அளந்து பார்த்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம்.

என்னைக் கடுப்பேற்றியது வேகம் அல்ல, இன்னொரு விஷயம். இதே புரோகிராமை நான், கட்டளை தட்டும் திரையான டெர்மினலில் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன், ஒவ்வொரு வரியும் அது வரவேண்டிய நொடியில் டாண் என்று திரையில் வந்தது. ஃபைலுக்குத் திருப்பிவிட்ட பிறகுதான் இந்தக் கூத்து. சி லைப்ரரி எழுதப் போகிற இடம் எது என்று பார்த்து நடையை மாற்றிக்கொள்கிறது. எதிரே டெர்மினல் இருந்தால் வரிக்கு வரி தள்ளும். ஃபைலோ, ஒரு புரோகிராமின் வெளியீட்டை இன்னொன்றுக்குக் கொடுக்கும் பைப்போ இருந்தால் பஃபர் நிரம்பினால்தான் தள்ளும். பிழைச் செய்திகளுக்கு என்று இருக்கும் எஸ்டிடிஎர்ரில் மட்டும் சேர்த்து வைப்பதே கிடையாது, உடனுக்குடன். எதிரில் மனிதன் உட்கார்ந்திருந்தால் காக்க வைக்காதே, இல்லாவிட்டால் வேகத்தைப் பார் என்பது அதன் தர்க்கம். தப்பு சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்னவென்றால் நாம் சோதித்துப் பார்க்கிற நடை ஒன்று, நிஜத்தில் ஓடுகிற நடை வேறொன்று.

ஃபைலின் வாலைக் காட்டும் டெயில் கட்டளையை லாக்கில் போட்டு, அதைச் சொல் தேடும் கட்டளையான கிரெப்புக்கு அனுப்பி, அதை இன்னொரு கிரெப்புக்கு அனுப்பி, எதுவுமே வராமல் திரையை முறைத்துக்கொண்டிருந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். முதல் கிரெப் தன் எதிரே பைப் இருப்பதைப் பார்த்துவிட்டு வரிகளைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். கிரெப்புக்கு லைன்-பஃபர்டு என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, மற்றவற்றுக்கு எஸ்டிடிபஃப் என்ற கட்டளை முக்கால்வாசி நேரம் வேலை செய்யும். பைத்தானில் மைனஸ் யு போட்டு ஓட்டலாம், அல்லது பிரிண்ட் கூப்பிடும்போதே ஃப்ளஷ், அதாவது பஃபரை உடனே காலி செய்யும்படி, கேட்கலாம். கன்டெய்னரில் ஓடும் பைத்தான் புரோகிராமின் லாக் ஒரு வரியும் வரவில்லை என்று யாராவது வந்து நின்றால், நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

இந்த நடை மாற்றத்தை ஒரு விளையாட்டாகப் பார்க்க வேண்டுமென்றால் இதைச் செய்து பாருங்கள். சி-யில் ஒரு வரி, பிரிண்ட்எஃப் வைத்து "வணக்கம்" என்று எழுதி வரியை முடிக்கிறது. அடுத்த வரியில், ஓடுகிற புரோகிராமையே இன்னொரு பிரதி எடுக்கும் ஃபோர்க் கூப்பிடுகிறோம். அதோடு புரோகிராம் முடிந்தது. டெர்மினலில் ஓட்டினால் ஒரு வணக்கம். அதையே ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிட்டு ஃபைலைத் திறந்தால் இரண்டு வணக்கம். கோட் மாறவில்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. டெர்மினலில் வரி முடிந்தவுடனே பஃபர் காலியாகிவிட்டது, அதற்குப் பிறகுதான் ஃபோர்க். ஃபைலில் அந்த வணக்கம் பஃபரிலேயே உட்கார்ந்திருக்கிறது, ஃபோர்க் மொத்த மெமரியையும் பிரதி எடுக்கும்போது பஃபரையும் சேர்த்தே எடுக்கிறது, அப்புறம் அம்மா ஒரு தடவை, பிள்ளை ஒரு தடவை, இருவரும் வெளியேறும்போது ஆளுக்கொரு வணக்கத்தைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். ஃபோர்க்குக்கு முன்னால், பஃபரைக் காலி செய்யும் எஃப்ஃப்ளஷ் போட்டால் சரியாகிவிடும். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்பவர்கள் உண்டு. கேட்கலாமா கூடாதா என்பது வேறு சண்டை. நான் கேட்பதில்லை, முதல் தடவை பார்த்தபோது எனக்கே புரியவில்லை.

இதுவரை சொன்னது லைப்ரரி நமக்குத் தெரியாமல் வைத்துக்கொள்கிற பஃபர். நாமே தெரிந்து, ஃபைலுக்குப் பதிலாக வைத்துக்கொள்கிற பஃபரும் உண்டு. பைத்தானில் பைட்ஸ்ஐஓ, ஸ்ட்ரிங்ஐஓ, டாட்நெட்டில் மெமரிஸ்ட்ரீம், சி++-இல் ஸ்ட்ரிங்ஸ்ட்ரீம், சி-யிலேயே எஃப்மெம்ஓபன். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான்: வெளியே பார்த்தால் ஃபைல் மாதிரியே படிக்கலாம், எழுதலாம், முன்னே பின்னே நகரலாம், உள்ளே இருப்பது வெறும் மெமரி. எனக்கு இது மிகவும் பிடிக்கும். முக்கியமாக டெஸ்ட் எழுதும்போது. ஒரு ஃபங்ஷன் ஃபைல் பெயரை வாங்காமல் திறந்த ஃபைலையே வாங்குகிற மாதிரி எழுதிவிட்டால், டெஸ்ட்டில் நிஜ ஃபைலே வேண்டாம், நாலு வரியை ஸ்ட்ரிங்ஐஓ-வில் போட்டு நீட்டினால் அதற்கு வித்தியாசமே தெரியாது. தற்காலிக ஃபைல் உருவாக்கி, பெயர் மோதாமல் பார்த்து, முடிந்ததும் அழித்து, அழிக்க மறந்து, அந்தத் தொல்லையே இல்லை.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு, நான் விழுந்த பள்ளம். ஒரு அறிக்கையை பிடிஎஃப் ஆக்கி, டிஸ்க்கில் வைக்காமல் பைட்ஸ்ஐஓ-வில் எழுதி, அதை அப்படியே மெயிலில் இணைத்து அனுப்புகிற கோட். அனுப்பினேன். மெயில் போனது, இணைப்பு போனது, பெயர் சரி, திறந்தால் ஒன்றும் இல்லை. 0 பைட். எத்தனை பேருக்கு அப்படிப் போனது என்று இப்போது சொல்ல விருப்பமில்லை. நடந்தது இவ்வளவுதான்: எந்த இடத்தில் நிற்கிறோம் என்று காட்ட, படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஒரே ஒரு முள்தான் இருக்கிறது. பிடிஎஃப்பை எழுதி முடித்தபோது முள் கடைசியில் நிற்கிறது. மெயில் லைப்ரரி வந்து 'இங்கிருந்து முடிவு வரை படி' என்கிறது. முடிவிலிருந்து முடிவு வரை என்ன இருக்கும்? படிக்கக் கொடுப்பதற்கு முன் சீக் போட்டு முள்ளைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர வேண்டும், அந்த ஒரு வரி இல்லை. பிழைச் செய்தி வராது, ஏனென்றால் காலியாகப் படிப்பது பிழையே அல்ல.

ஜாவாவில் 2002-இல் 1.4 பதிப்போடு வந்த பைட்பஃபரில் இதே விவகாரத்துக்கு ஃப்ளிப் என்று பெயர். அங்கே முள் மட்டுமல்ல, எதுவரை படிக்கலாம் என்று ஒரு எல்லையும் உண்டு. எழுதி முடித்ததும் ஃப்ளிப் கூப்பிட்டால், எல்லை முள் நின்ற இடத்துக்கு வரும், முள் பூஜ்ஜியத்துக்குப் போகும். மறந்தால் எழுதியதற்குப் பின்னால் இருக்கும் காலி இடத்தைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு தடவை கூப்பிட்டால் எல்லையும் பூஜ்ஜியமாகிவிடும். டாட்நெட்டில் வேறு மாதிரி: மெமரிஸ்ட்ரீமில் டுஅரே கேட்டால் எழுதிய அளவு மட்டும் நகலாக வரும், கெட்பஃபர் கேட்டால் உள்ளே ஒதுக்கி வைத்திருக்கும் மொத்த இடமும், பயன்படாத பகுதியோடு சேர்ந்தே வரும். அதை அப்படியே ஃபைலில் எழுதினால் வாலில் ஒரு கொத்துப் பூஜ்ஜியங்கள் தொங்கும், ஜேசன் ஃபைலாக இருந்தால் படிக்கிறவர் அலறுவார்.

மெமரிதானே என்று எதையும் தூக்கி இதில் போடவும் கூடாது. உங்கள் மெஷினில் 5 மெகாபைட் ஃபைலோடு சோதிப்பீர்கள், நிஜத்தில் யாரோ 2 கிகாபைட்டைக் கொண்டுவந்து ஏற்றுவார், ஒரே நேரத்தில் எட்டுப் பேர். பைத்தானில் ஸ்பூல்டுடெம்பரரிஃபைல் என்று ஒன்று இருக்கிறது, அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. நாம் சொல்கிற அளவுவரை மெமரியில் வைத்திருக்கும், தாண்டினால் சத்தமில்லாமல் டிஸ்க்குக்கு மாறிவிடும்.

இனி தமிழ் எழுதுகிறவர்களைத் தனியாகக் கடிக்கும் ஒரு பஃபர் பிரச்சினை. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட், எழுத்தோடு ஒட்டி வரும் புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். பஃபர்களோ 4096, 8192, 65,536 என்று வழக்கமாக 2-இன் படிகளாகவே இருக்கும். 2-இன் எந்தப் படியும் 3-ஆல் வகுபடாது. இடைவெளியே இல்லாத சுத்தமான தமிழ் உரையை 4096 பைட்டாகத் துண்டு போட்டுப் படித்தால் 1365 குறியீடு முழுசாக வரும், 1366-வது குறியீட்டின் முதல் பைட் ஒரு துண்டிலும் மீதி இரண்டு பைட் அடுத்த துண்டிலும் விழும். நிஜ உரையில் ஒரு பைட் இடைவெளியும் வரி முடிவும் நடுநடுவே வருவதால் எங்கே வெட்டும் என்பது ஃபைலுக்கு ஃபைல் மாறும், ஆனால் மூன்றில் இரண்டு தடவை எழுத்தின் நடுவில்தான் விழும் என்று எதிர்பார்க்கலாம். துண்டு துண்டாகப் படித்து ஒவ்வொரு துண்டையும் தனியாக எழுத்தாக மாற்றினால், பைத்தான் டீகோட் பண்ண முடியவில்லை என்று கத்தும். அது பரவாயில்லை. ஜாவாஸ்கிரிப்ட் கத்தாது, கருப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த அடையாளத்தை நட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

இதில் எரிச்சல் என்னவென்றால், ஆங்கில உரையை மட்டுமே வைத்துச் சோதிக்கிறவருக்கு இது வாழ்நாளில் வராது. அங்கே ஒரு எழுத்து ஒரு பைட், எங்கே வெட்டினாலும் சுத்தமாக வெட்டும். 300 எழுத்துத் தமிழ்ப் பத்தியை வைத்துச் சோதித்தாலும் வராது, ஒரே துண்டில் அடங்கிவிடும். நீளமான கட்டுரையில், எங்கோ நடுவில் ஒரே ஒரு இடத்தில் வைரங்கள் வரும், பயனர் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து 'ஃபான்ட் பிரச்சினை' என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள். ஃபான்ட் பிரச்சினை என்றால் ஒரே எழுத்து எல்லா இடத்திலும் கெட்டிருக்க வேண்டும், ஒரு இடத்தில் மட்டும் கெட்டிருந்தால் அது கத்தி பட்ட இடம். தீர்வு எல்லா மொழியிலும் தயாராக இருக்கிறது, மிச்சமான பைட்டை அடுத்த துண்டு வரும்வரை கையில் வைத்திருக்கும் டீகோடர்: பைத்தானில் இன்கிரிமென்டல் டீகோடர், நோடில் ஸ்ட்ரிங்டீகோடர், உலாவியில் டெக்ஸ்ட்டீகோடருக்கு ஸ்ட்ரீம் என்ற ஆப்ஷன். நாமே பஃபர் கையாள வேண்டிய அவசியமே இல்லையென்றால் இன்னும் நல்லது, ஃபைலை டெக்ஸ்ட் மோடில் திறந்து வரி வரியாகப் படித்தால் இந்தத் தொல்லை நம்மிடம் வரவே வராது.

பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லினக்ஸில் பைப் என்பதும் கெர்னலுக்குள் இருக்கும் ஒரு பஃபர்தான், 2.6.11-இலிருந்து வழக்கமாக அதன் கொள்ளளவு 65,536 பைட். ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கிளப்பிவிட்டு, 'அது முடியட்டும், அப்புறம் வெளியீட்டைப் படிக்கிறேன்' என்று காத்திருக்கிறது. கிளப்பப்பட்டதோ 64 கிலோபைட் எழுதி முடித்து, பைப் நிரம்பி, யாராவது படித்தால்தான் மேலே எழுத முடியும் என்று நிற்கிறது. அது இதற்காக, இது அதற்காக. சிபியு பூஜ்ஜியம், பிழையும் இல்லை, நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியீடு சின்னதாக இருக்கும்வரை வருடக்கணக்கில் ஒழுங்காக ஓடும், எச்சரிக்கைச் செய்திகள் அதிகமாகிற ஒரு நாளில் நின்றுவிடும். பைத்தானில் வெயிட் பண்ணாமல் கம்யூனிகேட் கூப்பிடச் சொல்வது இதற்குத்தான்.

இன்னும் கீழே போனால் டிஸ்க். எஃப்ஃப்ளஷ் போட்டாயிற்று, பைட்டுகள் லைப்ரரியை விட்டுக் கெர்னலுக்குப் போயாயிற்று, இனி புரோகிராம் செத்தாலும் கவலை இல்லை. என் 147 வரிகளுக்கு இதுவே போதுமாக இருந்திருக்கும். ஆனால் கரன்ட் போனால்? கெர்னலும் மெமரியில் இருக்கும் தன் பேஜ் கேஷில்தான் வைத்திருக்கிறது, லினக்ஸில் மாற்றாமல் விட்டால் சுமார் 30 செகண்ட் பழசான பிறகுதான் எழுதி வைக்கக் கிளம்பும். அதை இப்போதே எழுது என்று சொல்வதற்கு எஃப்சிங்க். 2018-இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸின் ஆட்கள் கண்டுபிடித்துத் தலையில் கை வைத்தது இந்த இடத்தில்தான்: எழுதுவதில் பிழை வந்து எஃப்சிங்க் ஒரு தடவை தோற்றால், கெர்னல் அந்தப் பக்கங்களை எழுதியாகிவிட்டது போலக் குறித்துவிடும், இரண்டாவது தடவை கூப்பிட்டால் 'சரி' என்று வந்துவிடும், டேட்டா மட்டும் டிஸ்க்கில் இருக்காது. அதற்குப் பிறகு எஃப்சிங்க் தோற்றால் மறுபடி முயலாமல் டேட்டாபேஸ் தானே விழுந்து, பழைய லாக்கிலிருந்து எழுந்து வரும்படி மாற்றினார்கள். கேட்டால் முரட்டுத்தனமாகத் தெரியும், எனக்குச் சரி என்றே படுகிறது. எங்கே இருக்கிறது என்று தெரியாத பைட்டை வைத்துக்கொண்டு மேலே ஓடுவதில் என்ன பெருமை?

சரி, 41611-இல் என்ன இருந்தது என்று சொல்லவில்லையே. அதுவும் ஒரு பஃபர்தான். பெயருக்காக 64 பைட் அரே ஒன்று வைத்திருந்தேன், 64 எழுத்துக்கு மேல் யாருக்குப் பெயர் இருக்கப் போகிறது என்ற எண்ணத்தில். தமிழில் 64 பைட் என்றால் கடைசிப் பூஜ்ஜியம் போக 21 குறியீடுதான், புள்ளிக்கும் கொம்புக்கும்கூட 3 பைட் கணக்கு. உதாரணத்துக்கு மீனாட்சிசுந்தரேஸ்வரன் என்று எழுதிப் பாருங்கள், 21 குறியீடு, 63 பைட், முடிவுப் பூஜ்ஜியத்தோடு சரியாக 64, மயிரிழையில் தப்பிக்கும். 41611-வது பதிவில் இருந்த பெயர் 24 குறியீடு. நான், சொல்லை நகல் எடுக்கும் எஸ்டிஆர்காப்பி வைத்து அளவே பார்க்காமல் கொட்டியதில் 72 பைட்டும் ஒரு பூஜ்ஜியமும் விழுந்து, அரேக்குப் பக்கத்திலேயே இருந்த 8 பைட் பாயின்டரை, அதாவது மெமரி முகவரி ஒன்றை, முழுசாக மூடிவிட்டன. 1988 நவம்பரில் இணையத்தில் தானாகப் பரவிய மோரிஸ் புழு என்ற புரோகிராம் ஃபிங்கர் என்ற சர்வருக்குள் நுழைந்ததும் இந்த வகைப் பிழை வழியாகத்தான், 512 பைட் பஃபரில் அளவு பார்க்காமல் வரியைப் படிக்கும் கெட்ஸ். அந்த கெட்ஸை சி மொழியின் 2011 தரமான சி11 ஒரேயடியாகத் தூக்கிவிட்டது, எஸ்டிஆர்காப்பி இன்னும் இருக்கிறது.

அரேயைப் பெரிதாக்கி, அளவு பார்க்கும் காப்பியாக மாற்றினேன். மெயின் ஃபங்ஷனின் முதல் வரியாக ஒரு செட்விபஃப் போட்டு, எதிரில் டெர்மினல் இருக்கிறதோ ஃபைல் இருக்கிறதோ, லாக் வரிக்கு வரி போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அந்த 41,611 பதிவுகளுக்கு 220 தடவை எழுதிக்கொண்டிருந்தது இப்போது 41,611 தடவை எழுதுகிறது. நேரம் எவ்வளவு கூடியது என்று அளந்து பார்த்தேன். ஒரு செகண்டில் ஒரு துளி.